ஊருக்கு ஒரே நம்பர்

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கறுப்பா சிவப்பா, மீசை உண்டா இல்லையா, ஒன்றும் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் என்பதுகூடக் குரலை வைத்து நானாக முடிவு செய்துகொண்டதுதான். ஆனாலும் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைவிட எனக்கு அவரை நன்றாகத் தெரியும். ஒரு மனிதர் ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் காலை எட்டு மணிக்குக் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தால் தெரியாமல் போகுமா?

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த நேரம் அது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் எங்களில் சிலரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திறந்திருந்த உதவி மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது மணமகள் அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைச் சுற்றி குண்டு பல்புகள். ஏ.சி. போட்ட அறை என்பதால் ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். நோய் பரவும் என்று ஏ.சி.யைப் போடவும் கூடாது. மாஸ்க்குக்குள் வியர்வை வழிய, நாள் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனில் பேச வேண்டும்.

வீட்டுக்குப் போனாலும் விடுதலை இல்லை. பல ஊர் ஆட்களோடு புழங்குகிறவள் என்று என் கணவர் எனக்கு முன்னறையை ஒதுக்கிவிட்டார். தட்டு தனி, தம்ளர் தனி. ஒரு அறையிலிருந்து மையத்து ஜீப்பில் ஏறி இன்னொரு அறைக்குப் போய்விட்டு வந்தேன். வேலைக்குப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலை இரண்டு விதம். பரிசோதனை செய்துகொண்டவர்களைப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டுக் காய்ச்சல், இருமல் கேட்டுக் குறித்துக்கொள்வது ஒன்று. தடுப்பூசி, பரிசோதனை, மாஸ்க் என்று ஜனங்கள் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது இன்னொன்று. அதற்கு ஏழு பக்கத்தில் கேள்வி பதில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தாளில் இருப்பதைச் சொல்லுங்கள், இல்லாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள், சொந்தமாக எதையும் சேர்க்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இதை மறக்க வேண்டாம்.

ஒரு நாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. நாற்பத்து மூன்று பேர், எல்லோருக்கும் ஒரே போன் நம்பர். எழுதியவர் தூங்கி வழிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

“தப்பில்லீங்க. எல்லாம் நம்ம நம்பருதான்” என்றது அந்தக் குரல். காற்று புஸ்புஸ்ஸென்று கூடவே அடித்தது. “ஊர்ல நாலஞ்சு போனு கீது. ஆனா டவரு இந்தப் பாறை மேலதான் கெடைக்குது. மரவள்ளி லாரிக்குப் பேசறதுக்குத் தெனம் காலைல ஏறி வர்றவன் நான் ஒருத்தன்தான். அதனால எல்லாரும் என் நம்பரக் குடுத்துட்டாங்க.”

“சரி. ஒண்ணாம் நம்பருக்குக் காய்ச்சல் இருக்கா?”

“தெரியாதுங்க.”

“இருமல்?”

“தெரியாதுங்க. கேட்டுக்கினு வந்து நாளைக்கு எட்டு மணிக்குச் சொல்றேன்.”

மற்றவர்கள் எல்லாம் “எல்லாரும் நல்லாகீறோம் மேடம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைப்பவர்கள். நானும் நல்லா இருக்காங்க என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டு போவேன். இவர் மட்டும் என் டிக்கை நிறுத்திவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

“நாப்பத்துமூணு பேருக்கும் தெரியாதுன்னு எழுதட்டுமா?”

“எழுதுங்க. இன்னிக்கு அதான நெசம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க டீச்சருங்களா?” என்றார்.

“எப்படித் தெரிஞ்சது?”

“கேக்கறதுலியே தெரியுது.”

மறுநாள் எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை சொன்னார். “பதினோராம் நம்பருக்கு மோப்பம் தெரியல டீச்சர். பூண்ட நசுக்கி மூக்குல வச்சிப் பாத்தேன். வெங்காயமும் வச்சேன். ரெண்டும் தெரியல. இருவதாம் நம்பரு வாசனை தெரியுதுன்னுச்சு. ஆனா கண்ண மூடச் சொல்லிட்டு வெறுங்கைய நீட்டினேன், அதுக்கும் தெரியுதுன்னுச்சு. அதனால அதையும் தெரியலன்னே எழுதிக்குங்க.” எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் ஆசிரியர் கொடுத்து வைத்தவர், அல்லது தொலைந்தார்.

எண்ணைச் சொன்னாரே ஒழிய ஒரு பெயரையும் அவர் சொன்னதில்லை. அதற்குக் காரணம் நான். முடிவு பாசிட்டிவ் என்று யாருக்கு வந்தாலும் பெயரை வெளியே சொல்லாதீர்கள், ஊர் ஒதுக்கிவைத்துவிடும் என்று ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் அதை என்னிடமே கடைப்பிடித்தார். பட்டியலில் இல்லாத யாரைப் பற்றியாவது கேட்க வேண்டியிருந்தால் “ஒருத்தருக்கு” என்பார். அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது.

முடிவுகள் எல்லாம் அவர் போனுக்குத்தான் செய்தியாக வரும். பாறையிலிருந்து அவர் இறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டிருக்குமாம். எந்த வீட்டு வாசலில் நிற்கிறாரோ அந்த வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுமாம். “நான் நடந்தாலே ஜனம் பாக்குது டீச்சர். அதனால இப்ப எல்லா வூட்டு வாசல்லயும் நின்னு ஒரு வார்த்த பேசிட்டுத்தான் போறேன். கஞ்சி குடிச்சீங்களா, கோழி அடைஞ்சுதா, ஏதோ ஒண்ணு. எந்த வூட்டுல சேதி சொன்னேன்னு யாருக்கும் தெரியாது” என்றார். இதை எந்தத் தாளும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று எனக்கு அவர் மேல் உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. ஊர் முழுவதும் கேட்கிற சந்தேகங்களைச் சேர்த்துக்கொண்டு வந்து பாறையில் நின்று கேட்பார். ஊசி போட்டால் ரெண்டு வருஷத்தில் செத்துவிடுவார்களாமே, இருக்கிற நோயையும் கிளப்பிவிடுமாமே, பிள்ளை பிறக்காதாமே என்று எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விகளும் அதில் இருக்கும். தாளில் ஒரு வரிகூட இல்லாத கேள்விகளும் இருக்கும். “தேனீ கொட்டினா மூஞ்சி வீங்கி மயக்கம் வர்ற ஆளு ஒருத்தரு கீறாரு. அவரு ஊசி போட்டுக்கலாங்களா?” எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் இருந்த இளம் டாக்டரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது யாரு கேட்டது? நல்ல கேள்வி. அந்த ஆளை ஆஸ்பத்திரியில வச்சுத்தான் போடணும், முகாம்ல வேணாம்” என்றார்.

இன்னொரு நாள், “ஒரே வூட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போட்டுக்கினா மறுநாள் எல்லாருக்கும் காய்ச்சல் வருமே, மாட்ட யாரு அவுத்துக் கட்றது?” என்று கேட்டார். பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் இன்னொரு நாள் என்று மலைக்கு மட்டும் முகாமை இரண்டு நாளாகப் போட வைத்தது அந்தக் கேள்விதான். பாராட்டு எனக்குக் கிடைத்தது.

பதில் சொன்னதும் அப்படியே போய்விட மாட்டார். “நில்லுங்க டீச்சர், திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். நான் நடுவில் “அப்பாடா” என்று பெருமூச்சு விட்டால் “அதையும் சொல்லணுங்களா?” என்பார். கிண்டல் செய்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். ஒருமுறை, “பயப்பட வேணாம்னு சொல்லுங்க” என்றேன். “எதுக்குப் பயப்பட வேணாம் டீச்சர்? ஊசிக்கா, சீக்குக்கா? ஏன் வேணாம்? அதச் சொன்னீங்கன்னா சொல்லிடறேன்” என்றார். அந்த வரியை விட்டுவிடச் சொன்னேன்.

“நாலு வார்த்தை நீங்களும் சேர்த்து ஆறுதலா சொல்லக்கூடாதா?” என்று கேட்டதற்கு, “நான் ஒண்ணு சேப்பேன், அடுத்த வூட்டுல அவன் ஒண்ணு சேப்பான். அப்படிச் சேத்துச் சேத்துத்தான ஊசி போட்டா செத்துடுவாங்கன்னு ஆச்சு” என்றார். அது நியாயம்தான். ஆனாலும் சில நாள் அவர் குரலைக் கேட்கும்போது எனக்குப் பேசவே தயக்கமாக இருக்கும். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் இந்த மனிதர் அதைக் கொஞ்சமும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாரே என்ற பயம்.

அந்த ஊரில் முதலில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு மூன்று பேர்தான் வந்தார்களாம். ஜீப் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் எல்லாம் காட்டுக் கொல்லைக்கு ஓடிப்போய்விட்டார்கள். இரண்டாவது முகாமுக்குத் தேதி குறித்தபோது அவர் சொன்னார், “இந்த வாட்டி வருவாங்க டீச்சர். எல்லார் கேள்விக்கும் பதில் சொல்லியாச்சு. அந்த டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க.” எனக்குப் பெருமையாக இருந்தது. மண்டபத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

முகாமுக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று பக்கத்து அறையில் இருந்தவருக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டதால் அவர் பட்டியலும் என் தலையில் விழுந்திருந்தது. எட்டு மணிக்கு மலையிலிருந்து அவர் கூப்பிட்டபோது எனக்கு ஏற்கெனவே தொண்டை கட்டியிருந்தது. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதாகக் கேட்டார்.

“ஒருத்தருக்கு நாலு நாளா காய்ச்சலு. டெஸ்டு எடுக்க வந்தப்ப கொல்லைக்கு ஓடிட்டவரு. இப்பக் காய்ச்சல் எறங்கிடுச்சு. ஆனா தூங்கிக்கினே கீறாரு. எழுப்பினா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு மறுபடியும் தூங்கறாரு. எழுப்பிக்கினே இருக்கணுமா, வுட்டுடலாமா?”

தாளைப் பார்த்தேன். காய்ச்சல் குறைவது நல்ல அறிகுறி, நோயாளி நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று இருந்தது. படித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் எத்தனையோ பேரைக் கூப்பிட வேண்டும் என்ற அவசரத்தில், “எழுப்ப வேணாம், தூங்கட்டும்” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“காய்ச்சல் கொறையறது நல்லது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும். எழுப்ப வேணாம், தூங்கட்டும். சரிங்களா டீச்சர்?”

“சரி” என்றேன். என் வார்த்தையை என் காதிலேயே திருப்பிப் போட்டுக் கேட்டும் சரி என்றேன்.

மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “தூக்கம் இல்ல டீச்சர் அது. ஆக்சிஜன் கம்மியாச்சுன்னா ஆளு அப்படித்தான் கெறங்கிக் கெடப்பாங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்க” என்றார்.

யாரிடம் சொல்வது? எட்டரை மணிக்கு அவர் பாறையிலிருந்து இறங்கினால் சார்ஜ் போய்விடும் என்று போனை அணைத்துவிடுவார். நம்பரைப் போட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டேன். எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. டாக்டர் மலையில் இருந்த சுகாதார நிலையத்தைப் பிடித்துப் பேசினார். ஜீப் வேறு ஊருக்குப் போயிருந்தது. மலையில் மழை. அந்த ஊருக்கு ஜீப் ரோடு முடிந்த பிறகு ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும், ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது, காலையில் முதல் வேலையாகப் போகிறோம் என்றார்கள்.

நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராவதாக இருந்தால் நான் சொன்னதில் பாதியை மறந்திருப்பார்கள், வீட்டில் யாராவது ஆளை உலுக்கி எழுப்பியிருப்பார்கள், மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்து தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். இவர் மறக்க மாட்டார். எழுப்ப வேணாம், தூங்கட்டும் என்று போய்ச் சொல்லிவிட்டு, யாராவது எழுப்பப் போனால் தடுக்கவும் செய்வார். அவருடைய அந்த நல்ல குணத்தை நினைத்து நினைத்து அன்று சாயங்காலம்வரை நான் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் அடித்தது.

“டீச்சர், நேத்து ஒருத்தரு பத்திக் கேட்டேன் இல்ல. அவரு விடியறதுக்குள்ள போயிட்டாரு.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுப்பியிருக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும், நான் சொன்னது தப்பு, தாளில் அப்படி இல்லை, நானாகச் சேர்த்துச் சொன்னது என்றேன். அந்தப் பக்கம் வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று “ஹலோ” என்றேன்.

“கேக்குதுங்க.” பிறகு எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். “இத ஊர்ல சொல்லணுங்களா டீச்சர்?”

சொல்லுங்கள் என்றால் நான் சொன்ன எல்லாப் பதிலும் அந்த ஊரில் பொய்யாகிவிடும். இன்னும் நாலு நாளில் முகாம். மறுபடியும் எல்லோரும் காட்டுக்கு ஓடுவார்கள், இன்னும் எத்தனை பேர் கிறங்கிக் கிடப்பார்களோ. வேண்டாம் என்றால் அந்த மனிதரை, அந்த மனிதரைப் போய், மறைக்கச் சொல்கிறேன் என்று ஆகும். இது பொதுநலம் பற்றிய கணக்கு. இதற்கு அடியில் என் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை.

“ஊசிக்கு நாலு நாளு கீது” என்றார், தனக்குள் பேசுகிற மாதிரி. “சரி டீச்சர், வெச்சிடறேன்.” அன்று அவர் எதையும் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை.

முகாம் முடிந்த அன்று மலைச் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “ஊரே வந்துச்சு டீச்சர்! நடக்க முடியாதவங்களக் கூடக் கட்டிலோட தூக்கிக்கினு வந்துட்டாங்க. எல்லாம் உங்க பேரச் சொல்லித்தான். ‘அந்த டீச்சர் சொன்னதக் கேட்டிருந்தா அந்த ஆளு பொழச்சிருப்பான்’னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க.”

எனக்குப் புரியவில்லை. “நான் என்ன சொன்னேன்?”

“எழுப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வரச் சொன்னீங்களாமே? உங்க எட்டு மணி ஆளு அத மறந்துட்டு எழுப்ப வேணாம்னு சொல்லிட்டாராம். எழவு வூட்டுல எல்லார் முன்னாலயும் நின்னு ‘டீச்சர் சொன்னாங்க, நான்தான் மறந்துபோய் மாத்திச் சொல்லிட்டேன்’னாராம். செத்தது யாருன்னு நெனச்சீங்க? அவரு கூடப்பொறந்த தங்கச்சி வூட்டுக்காரரு. அந்தப் பொண்ணு மண்ண வாரித் தூத்திட்டுச்சாம். இப்ப ஊர்ல ஒருத்தரும் அவருகிட்டப் பேசறதில்ல. இப்படியும் ஒரு மறதி இருக்குமா டீச்சர்?”

“ம்” என்றேன்.

யாரோ ஒருத்தர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் அவருடைய மச்சான். பெயர் சொல்லாதே என்று நான் சொன்னதற்காக, அதையும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். ஊர்க்காரர்கள் இப்போது நர்ஸ் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள் என்றார். “இப்ப யாரும் கேள்வி குடுக்கறதில்ல டீச்சர். லாரிக்குப் பேச வந்தேன், அப்படியே உங்களுக்கும் போட்டேன்.”

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஊசிக்கு ஜனம் வரணும் இல்ல? உங்க பேரு கெட்டா ஊசி பேரும் கெட்டுடும். என் பேரு கெட்டா இன்னா? நானா ஊசி போடறேன்?”

“நான் மலைக்கு வரேன். உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்றேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்றேன்.”

“இப்ப வேணாம்.” அவசரமாகச் சொன்னார். “ரெண்டாவது ஊசி ஒண்ணு கீதே. அது முடியட்டும். அப்புறம் நானே கூப்புடறேன், நீங்க சொல்லுங்க. அதுவரைக்கும் யாரு கேட்டாலும் நான் சொன்ன மாதிரியே சொல்லிடுங்க.” தங்கச்சி பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “ஒரே சோத்துச் சட்டில தின்னு வளந்தோம், இப்ப எதிர்ல வந்தா முந்தானைய மூஞ்சில போட்டுக்கினு போவுது.”

நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது ஊசிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மாதமும் மணமகள் அறையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எட்டு மணி ஆனால் மட்டும் கை ஓடாது.

இரண்டாவது ஊசி முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எட்டு மணிக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். அதே காற்றுச் சத்தம். ஆனால் பெண் குரல்.

“நீங்கதான அந்த டீச்சரு?”

“ஆமா. நீங்க?”

“பாறைக்கு வந்து பேசறவரு தங்கச்சி. ஊசி பத்தி ஒண்ணும் கேக்கல. வேற ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்கம்மா.”

“எங்கண்ணன் சின்ன வயசுலருந்து ஒண்ணு சொன்னா மாத்திச் சொல்ல மாட்டான். எங்கம்மாகிட்ட அடி வாங்கினாலும் உள்ளதத்தான் சொல்லுவான். அவன் மறந்துட்டேன்றான். என் மனசுக்கு ஒப்பல. அதான் யாருக்கும் சொல்லாம ஏறி வந்தேன். நீங்களே சொல்லுங்க டீச்சர். அன்னிக்கு எங்க வூட்டுக்காரர எழுப்பச் சொன்னீங்களா, வேணான்னீங்களா?”

அந்தப் பெண் அண்ணனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான் ஏறி வந்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். எதிரில் கண்ணாடியில் மாஸ்க் போட்ட ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம்தானே, முகாம் முடியட்டும், அவரே கேட்டுக்கொண்டதுதானே என்று எனக்குள் நியாயம் ஓடியது. உண்மையில் எனக்குப் பயம். ஒரு பெண்ணிடம், உன் புருஷன் சாவதற்கு என் வாய்தான் காரணம் என்று சொல்லப் பயம்.

“எழுப்பச் சொன்னேம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது. பாறை ஏறி வந்த களைப்பு இன்னும் ஆறவில்லை போல.

“அப்ப அவன்தான்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இரண்டாவது ஊசிக்கும் ஊரே வந்ததாக நர்ஸ் சொன்னார். ஒருத்தரைத் தவிர என்றார். காட்டுக் கொல்லையில் குடிசை போட்டுத் தனியாக இருக்கிறாராம், முகாம் தேதியை அவருக்கு யாரும் சொல்லவில்லையாம்.